காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்: தமிழ்நாடு வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை உயர் அலுவலர்களுக்கும், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா உள்ளிட்ட மாநிலப் பூங்காக்களின் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

நான் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவன். கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியில் விலங்குப் பயிற்சியையும் பராமரிப்பையும் முறையான பாடமாகப் படித்தேன். படிப்பின் இறுதியில் எங்கள் வகுப்பை அந்த மாநிலத்தின் உயிரியல் பூங்காக்களுக்கும் கடல் பூங்காக்களுக்கும் ஒரு வாரம் அழைத்துச் சென்றார்கள். பார்வையாளர் வாசலில் நாங்கள் நின்ற நேரம் குறைவு. தீவனக் கிடங்கின் பக்கமாகவும் இரவுக் கூண்டுகளின் பின்புறமாகவுமே பெரும்பாலும் நுழைந்தோம். அங்கே கண்டதை வைத்து உங்களிடம் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். நம் பூங்காக்களின் காப்பாளர்களுக்கு விலங்குப் பயிற்சியைக் கற்றுக்கொடுங்கள். அதற்கான பயணங்களுக்கும் அவர்களையே அனுப்புங்கள்.

விலங்குப் பயிற்சி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சர்க்கஸ் கூடாரமும் சாட்டையும்தான். சிங்கம், புலி, கரடி, குரங்கு ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்குவதை மத்திய அரசு 1998-ல் தடை செய்ததும், 2001-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிசெய்ததும் சரியான முடிவுகள். ஆனால் அந்தப் பயணத்தின் முதல் நாளில் நான் பார்த்த பயிற்சிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஒரு பெண் காப்பாளர் நீளமான கோல் ஒன்றைக் கம்பி வலைக்கு அருகில் காட்டினார். உள்ளிருந்த புலி எழுந்து வந்து, வலையை ஒட்டிப் பக்கவாட்டில் படுத்தது. கீழே இருந்த சிறு திறப்பு வழியாக அதன் வாலை அவர் மெல்ல வெளியே எடுக்க, கால்நடை மருத்துவர் வாலின் இரத்தக்குழாயில் ஊசி ஏற்றி இரத்தம் எடுத்தார். அவ்வளவு நேரமும் புலி சிறு சிறு இறைச்சித் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தது. மயக்க மருந்தும் இல்லை, பக்கச்சுவர் நகர்ந்து விலங்கை நெருக்கிப் பிடிக்கும் கூண்டும் இல்லை. இதற்கு எட்டு மாதங்கள் ஆயின என்று அவர் சொன்னார். இடையில் புலி எழுந்து போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "போகட்டும், நாளைக்குப் பார்ப்போம்" என்றார். எழுந்து போகும் உரிமை விலங்கிடம் இருக்கிறது என்பதில்தான் இந்த முறை முழுவதும் நிற்கிறது.

இதை வெறும் நேர்த்திக்காகச் சொல்லவில்லை. 2021 ஜூனில் வண்டலூர்ப் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனாத் தொற்று ஏற்பட்டு, நீலா என்ற பெண் சிங்கம் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. 11 சிங்கங்களின் மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, அவற்றில் 9-க்குத் தொற்று உறுதியானது. அப்படிப்பட்ட நாள்களில், ஏற்கெனவே மூச்சுத் திணறும் விலங்குக்கு மயக்க மருந்து கொடுப்பதே பேராபத்து. வாயைத் திறந்து காட்டவும், வலையோரம் உடலைச் சாய்த்து ஊசி போட்டுக்கொள்ளவும் முன்கூட்டியே பழகிய சிங்கத்தை மருத்துவர் நாள்தோறும் பார்க்கலாம். நோய் வந்த பிறகு தொடங்கினால் இதற்குக் காலம் போதாது.

சான் டியேகோவில் யானைகளைப் பற்றிக் கற்றது, அங்குசத்தைப் பார்த்தே வளர்ந்த நம் ஊர்க்காரனான எனக்கு மிகவும் கனமான பாடம். அங்கிருந்த காட்டுவிலங்குப் பூங்காவில் 1988-ல் டுண்டா என்ற ஆப்பிரிக்க யானையைச் சங்கிலியில் கட்டி அடித்தது வெளியே தெரிந்து, மாநிலமே கொதித்தது. அதன் பிறகு அதே பூங்காவில்தான், காப்பாளர் தடுப்புக்கு இப்பால் நின்று யானையை அப்பால் வைத்தே பழக்கும் முறை உருப்பெற்றது. யானை தானாக வந்து தடுப்பின் திறப்பில் பாதத்தை வைக்கும். காப்பாளர் நகத்தைச் செதுக்கி, வெடிப்பைக் கழுவி மருந்திடுவார். 2018 முதல் கலிபோர்னியாவில் யானைகள்மீது அங்குசத்தைப் பயன்படுத்தச் சட்டமே அனுமதிப்பதில்லை. நம் முகாம் யானைகளின் வாழ்வு வேறு, பாகனோடு அவற்றுக்குள்ள நெருக்கம் வேறு என்பதை அறிவேன். இருந்தாலும், எங்களோடு வந்த ஒரு மாணவர் பாதம் நீட்டி நின்ற யானையைப் பார்த்துக் கண்கலங்கியபோது, எனக்கு நம் கோயில் வாசல்களே நினைவுக்கு வந்தன.

இந்த முறைகள் அனைத்தும் கடல் பூங்காக்களின் வழியாக வந்தவை. டால்பினைக் கயிற்றில் கட்டி இழுக்க முடியாது, கோலால் மிரட்டவும் முடியாது. பிடிக்காவிட்டால் குளத்தின் மறுகரைக்கு நீந்திப் போய்விடும். அதனால் பயிற்சியாளருக்கு ஒரு வாளி மீனும் ஒரு விசிலும் மட்டுமே மிஞ்சின. சரியாகச் செய்த அதே நொடியில் விசில் ஒலிக்கும், மீன் பிறகு வரும். 1950-களில் ஃபுளோரிடாவில் விலங்குப் பயிற்சியாளர்களான பிரேலண்ட் தம்பதியர் தொடங்கி, 1960-களில் ஹவாயில் டால்பின் பயிற்சியாளர் கேரன் பிரையர் வளர்த்தெடுத்த இந்த விசில் முறைதான், பின்னாளில் புலிக்கும் பாண்டாவுக்கும் நாய்க்கும் பரவியது. வால் துடுப்பைப் பயிற்சியாளரின் மடியில் வைத்து இரத்தம் எடுக்க அனுமதித்த ஒரு டால்பினை நாங்கள் பார்த்தோம்.

ஆனால் இத்தனை திறமையும், கொலையாளித் திமிங்கிலம் எனப்படும் ஓர்காவின் குளத்தைப் பெரிதாக்கிவிடவில்லை. 2010-ல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரக் கடல் பூங்காவில் டான் பிராஞ்சோ என்ற அனுபவமிக்க பயிற்சியாளர் திலிகம் என்ற ஓர்காவால் உயிரிழந்தார். 2016-ல் கலிபோர்னியா, ஓர்காக்களை இனப்பெருக்கம் செய்வதையும் வேடிக்கைக் காட்சிகளில் ஈடுபடுத்துவதையும் சட்டத்தால் நிறுத்தியது. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1998-ல் பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே செத்துப்போனது நம் சொந்த அனுபவம். டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதியில்லை என்று 2013-ல் மத்திய அரசு எடுத்த முடிவை எந்தச் சுற்றுலாத் திட்டத்துக்காகவும் தளர்த்த இடம்கொடுக்காதீர்கள். கடல் பூங்காக்களிடமிருந்து நமக்கு வேண்டியது விசில் மட்டுமே, குளம் வேண்டாம்.

பயணத்தின் கடைசி இடம் மான்டரே வளைகுடா மீன்காட்சியகம். தாயை இழந்த கடல்நீர்நாய்க் குட்டிகளுக்கு உணவூட்டும் ஊழியர்கள் அங்கே கறுப்பு அங்கியும் வெல்டிங் முகமூடியும் அணிகிறார்கள். குட்டி மனித முகத்தோடு பழகிவிட்டால் கடலுக்குத் திரும்ப முடியாது என்பதால்தான் இந்த வேடம். பிறகு அதை வளர்ப்புத்தாயாக இருக்கும் ஒரு பெண் கடல்நீர்நாயிடம் ஒப்படைக்கிறார்கள். எப்போது பழக்கக் கூடாது என்பதும் பயிற்சியின் பகுதிதான்.

என் பெரியப்பா ஒரு பூங்காவில் 31 ஆண்டுகள் காப்பாளராக இருந்தவர். எந்தப் புலி நேற்று எவ்வளவு இறைச்சியை மிச்சம் வைத்தது, எந்தச் சிறுத்தை இடது முன்னங்காலைத் தயங்கி ஊன்றுகிறது என்பது மருத்துவருக்கு முன்பே அவருக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவின் மேல் கட்டுவதற்கு ஒரு நாள் பயிற்சிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. விலங்கோடு நாள்தோறும் நிற்பவரால் மட்டுமே எட்டு மாதம் பொறுமையாக ஒரு வாலை வெளியே எடுக்கப் பழக்க முடியும். இடமாற்றத்தில் மூன்றாண்டுக்கொருமுறை மாறும் அலுவலரால் முடியாது.

ஆகவே, வண்டலூரில் இயங்கும் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனமும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இணைந்து, காப்பாளர்களுக்கெனத் தமிழில் ஒரு சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்க வேண்டும். ஒப்பந்தக் காப்பாளர்களையும் அதில் சேர்க்க வேண்டும். முடித்தவர்களுக்குப் பதவியிலும் ஊதியத்திலும் அதன் பலன் தெரிய வேண்டும். முதல் ஆண்டில் ஒரு சிங்கம், ஒரு புலி, ஒரு மனிதக்குரங்கு என மூன்று விலங்குகளோடு தொடங்கினால் போதும்.

பயணத்தில் எழுதிய குறிப்புகளைக் கொண்டு காப்பாளர்களுக்காக 40 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கேட்டால் கட்டணமின்றித் தருவேன். பெரியப்பா அதைப் படித்துவிட்டு, இருபது இடங்களுக்கு மேல் பென்சிலால் திருத்தியிருக்கிறார். அந்தத் திருத்தங்களோடுதான் தருவேன்.

இப்படிக்கு,
விலங்குப் பயிற்சி பயின்ற ஒரு மாணவன்