நகத்தில் விழுந்த கோடு

முத்தையன்கட்டு,
சித்திரை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வருசப்பிறப்புக்கு மறுநாள் கிடைத்தது. பேத்தியின் நகத்தில் வெள்ளைப் புள்ளிகள் கண்டு, கல்சியம் குறைவென்று குளிசை கொடுப்பதாக எழுதியிருந்தாய். அந்தப் புள்ளிக்காகக் குளிசை வேண்டாமடி. பெரும்பாலும் விரல் எங்காவது இடிபட்டதால் வருவது அது. இடிபட்டதை அவளே மறந்திருப்பாள். நகம் வளர வளர நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போய்விடும்.

எனக்குத் தையில் டெங்கு வந்து ஆறு நாள் ஆசுபத்திரியில் கிடந்தேன் அல்லவா? மாசிக் கடைசியில், அரிவு வெட்டு நேரம், பத்து விரலிலும் நகம் முளைக்கும் அடிப்பக்கமாக ஒரு குறுக்குப் பள்ளம் தெரிந்தது. தடவினால் உழுத சால்மேல் விரல் போவது போல இருந்தது. பயந்துதான் போனேன். காய்ச்சல் கடுமையாக இருந்த நாட்களில் நகம் வளர்வது கொஞ்சம் தடைப்பட்டிருக்கிறது, அதன் அடையாளம் இது என்றார் டொக்டர். 1846இல் இதை விவரித்த போ என்ற பிரெஞ்சு வைத்தியரின் பேரால் போ கோடு என்பார்களாம். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர்தான் வளரும். முழுதாய் மாற ஆறு மாதம் செல்லும். இப்போது என் கோடு நகத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. தினமும் அரிசி களையும்போது பார்க்கிறேன். அது ஏற ஏற எனக்கு உடம்பு தேறிக்கொண்டு வருகிறது என்று ஒரு ஆறுதல்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். மாங்குளத்தில் சந்தித்த அன்று நீ தேத்தண்ணிக் கோப்பை பிடித்திருந்த விரல்களை நான் கவனித்தேன். நகமெல்லாம் மெலிந்து, வெளிறி, நடுவில் கரண்டி போலக் குழிந்திருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும். இரும்புச்சத்து குறைந்தால் இப்படி ஆகும். படியேறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று நீயே சொன்னாய். வயதாகிறது என்று விட்டுவிடாதே. இரத்தம் சோதித்துப் பார். குறைவென்றால் ஏன் குறைந்தது என்றும் டொக்டரிடம் கேள். உள்ளுக்குள் எங்காவது இரத்தம் கசிந்தாலும் இப்படி வரலாம். அதுவரை சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை விடு. இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடி. முருங்கையிலை வறுத்தால் தேசிக்காய்ப் புளி விட்டுக்கொள்.

வருகிற செவ்வாய் நான் மாங்குளம் வருகிறேன். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் நிலையத்தில் நில், இருவருமாக ஆசுபத்திரிக்குப் போவோம்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி