எங்கள் பள்ளிக்காக யாரிடம் போய் நிற்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதிலிருந்து அதைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளையும் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். இருமொழியா மும்மொழியா, பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியது சரியா, மத்திய அரசு நிறுத்தி வைத்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாய் எப்போது வரும் என்று பலரும் எழுதுகிறார்கள். எழுத வேண்டியவைதான். நான் எழுத வந்தது, எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஜூன் மாதம் எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பற்றி. சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடாமல் வெளியிட வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் திருப்பூர் மாவட்டத்தில், தென்னந்தோப்புகளுக்கும் தேங்காய்க் களங்களுக்கும் நடுவில் இருக்கிறது. என் கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்தக் குழு யாரோ மனமிரங்கிக் கொடுத்த சலுகை என்று எங்கள் ஊரிலேயே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 21-ஆம் பிரிவு சொல்வது இது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களோடு ஆசிரியரும், உள்ளாட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரும் உட்கார வேண்டும்.

அந்தக் கடைசி நாற்காலிதான் எங்கள் பள்ளியில் காலியாகக் கிடக்கிறது.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2021-ல் தேர்தல் நடந்த காஞ்சிபுரம், தென்காசி முதலிய 9 மாவட்டங்களில் மட்டும் அதன் பிறகும் தலைவர்கள் தொடர்ந்தார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் என்று கொங்குப் பகுதி முழுவதும் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கைக்குப் போனது. போன முறையும் இப்படித்தான். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை மூன்று வருடத்துக்கும் மேலாக ஊராட்சிகளுக்குத் தலைவரே இல்லை. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பத்தாண்டுக்குள் இரண்டாவது முறையாக அதை மீறுகிறோம், அதைப் பற்றி ஒரு கூட்டம், ஒரு ஊர்வலம் எங்கள் பக்கம் நடந்து நான் பார்க்கவில்லை.

மோட்டார் கதைக்கு வருகிறேன். பள்ளி திறந்த இரண்டாவது வாரம் மோட்டாரின் காயில், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், எரிந்தது. கழிப்பறைக்குத் தண்ணீர் நின்றது. பெண் குழந்தைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் மதியம் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். நாங்கள் குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டோம். தலைமையாசிரியை அதைக் கல்வித் துறை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஆசிரியரும் பாடமும் எங்கள் பொறுப்பு, கட்டடமும் தண்ணீரும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு என்று பதில் வந்தது. ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன். தனி அலுவலர் வேறு ஊராட்சிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? அத்தனை ஊராட்சிகளையும் ஒரே மனிதர் தலையில் சுமக்கிறார். மதிப்பீடு போட வேண்டும், ஆள் வருவார் என்றார்கள். ஆறு வாரம் யாரும் வரவில்லை.

முன்பிருந்த வார்டு உறுப்பினர் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா. அவரும் தறிக்குப் போகிறவர்தான். அவரை நான் பெரிதாகப் புகழ்ந்ததில்லை. தலைவரோடு சேர்ந்து பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டுவதை விட்டுவிட்டுக் கோயில் பாதைக்குச் சிமெண்ட் போட்டதற்காக அவரோடு சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் சண்டை போட முடிந்தது. குழாயடியில் நிறுத்திக் கேட்க முடிந்தது. 2022-ல் இதே மோட்டார் நின்றபோது அன்று சாயங்காலமே வயர்மேனை அழைத்து வந்து நின்றார். இப்போது வேலை ஆக வேண்டுமென்றால், கட்சியில் இருக்கும் இன்னாரைப் பார், அவர் ஒரு போன் போட்டால் முடிந்துவிடும் என்கிறார்கள். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒருவர் வீட்டு வாசலில் என் குழந்தையின் கழிப்பறைத் தண்ணீருக்காக நான் ஏன் போய் நிற்க வேண்டும்? நான் போகவில்லை. தாய்மார்கள் ஆளுக்கு 200 ரூபாய் போட்டு, 4,600 ரூபாய்க்குக் காயில் கட்டி மோட்டாரை ஓட வைத்தோம்.

எங்கள் பள்ளியில் 31 குழந்தைகள். இரண்டு ஆசிரியைகள். ஐந்து வகுப்புகள். சட்டப்படி இது சரிதான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. தலையை எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில், 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து ஒரு டீச்சர் நடத்துகிறார். நான்காவதும் ஐந்தாவதும் இன்னொருவரிடம். அவர்தான் தலைமையாசிரியை, அவரே பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவும் போட வேண்டும், கூட்டத்துக்கும் போக வேண்டும். அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். ஆகஸ்ட் 1-ஆம் தேதி எத்தனை குழந்தைகள் என்று கணக்கெடுத்து ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்கிறார்கள். ஆசிரியர் இல்லாததால் குழந்தைகள் போகிறார்கள், குழந்தைகள் போனதால் ஆசிரியர் வருவதில்லை.

காலை ஏழரை மணிக்கு எங்கள் ஊருக்குள் தனியார் பள்ளிகளின் நான்கு மஞ்சள் வண்டிகள் வந்து போகின்றன. என் கொழுந்தனாரின் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் ஏறுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு வண்டிக் கட்டணத்தோடு வருடம் 38,000 ரூபாய். எங்கள் பள்ளியில் காலை உணவும் சத்துணவும் உண்டு, சமைக்கிற பெண்கள் எங்கள் சுய உதவிக் குழுவிலேயே இருப்பவர்கள், அங்கே போடும் பொங்கலை நானே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். கொழுந்தனார் அதையெல்லாம் மறுக்கவில்லை. "அண்ணி, சோறு நன்றாகத்தான் இருக்கிறது, நாலாவதுக்குத் தனி டீச்சர் இருக்கிறாரா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் அவரைப் பெருமைக்காகச் செய்கிறார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு மேல்வகுப்புக்கு நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளி என்று நிலத்தை அடமானம் வைத்தவர்களும் எங்கள் உறவில் உண்டு. பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பு உருப்போட வைத்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். 2017-18-ல் பிளஸ் ஒன் தேர்வு வந்ததற்கே அது ஒரு காரணம். தேர்வை நீக்கியவர்கள் அந்தப் பழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் படிக்கும் 31 பேரில் 9 பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் களத்துக்கும் மில்லுக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் இல்லையென்றால் பள்ளி எப்போதோ இன்னும் சுருங்கியிருக்கும். ஒரு சிறுமி "ஏனுங்க டீச்சர்" என்று எங்கள் ஊர்க் குழந்தைகள் மாதிரியே கூப்பிடுகிறாள். ஆகஸ்ட் 15 அன்று அவள்தான் திருக்குறள் சொன்னாள், தவறில்லாமல். மும்மொழி பற்றித் தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் அவளை வந்து பார்க்கலாம். வீட்டில் ஒடியா, பள்ளியில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம். இந்த மூன்றுக்கும் அவளுக்குக் கிடைத்திருப்பது அரை ஆசிரியை.

கொங்கு நாட்டுக்குப் பள்ளிக்கூட அரசியல் புதிதில்லை. காமராசர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவு தொடங்கியபோது கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர். எங்கள் பள்ளி நிற்கும் 40 சென்ட் நிலத்தைக் கொடுத்தவர் என் மாமனாரின் தகப்பனார். அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர், பத்திரத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார்.

இந்தச் சுதந்திர தினக் கிராம சபையில் எழுந்து நின்று இரண்டு கேட்டேன். மூன்றாவது ஆசிரியர் வேண்டும். பள்ளிச் செலவுக்கு ஊராட்சி நிதியில் தனியாக ஒரு தொகை வேண்டும். எழுதிக்கொண்டார்கள். யார் பதில் சொல்வார்கள் என்று கேட்டபோது, மேலே அனுப்புகிறோம் என்றார் செயலர். முன்பெல்லாம் அந்த மேசைக்குப் பின்னால் தலைவர் உட்கார்ந்திருப்பார், கூட்டமே அவரைப் பார்த்துச் சத்தம் போடும். இந்த முறை பாதிப் பேர் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் கலைந்து போனார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அரசுக்கு உங்கள் வழியாக நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. உள்ளாட்சித் தேர்தல் தேதியை இனியும் தள்ளாமல் அறிவியுங்கள். அதுவரை, பள்ளி மேலாண்மைக் குழு போடும் தீர்மானத்துக்கு இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று தனி அலுவலர்களுக்கு ஆணையிடுங்கள். ஐந்து வகுப்பு உள்ள பள்ளிக்கு, எண்ணிக்கை எதுவானாலும், மூன்று ஆசிரியரையாவது கொடுங்கள். புதிய கொள்கையை எழுதியவர்கள் ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பள்ளிக்கே வரலாம்.

மோட்டாருக்குக் காயில் கட்டிய ரசீதைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வார்டு உறுப்பினர் கையெழுத்துக்கென்று அதன் கீழே ஒரு வரி விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
திருப்பூர் மாவட்டம்.