முதலில் மணற்பரப்பு, பிறகே பவளப்பாறை: ஸ்கூபா நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஸ்கூபா பயிற்சி நிறுவனத்தாருக்கும் படகு நடத்துவோருக்கும்,

வணக்கம். காற்றுக்கலனைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா டைவிங்கில், கடலடியில் எதையும் தொடக் கூடாது, துரத்தக் கூடாது, எடுத்து வரக் கூடாது என்ற விதிகளை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; உங்கள் படகுகளிலேயே அவை எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. அப்படி ஒட்டியிருந்த படகொன்றில் அண்மையில் நானும் சென்றேன். நீருக்கடியில் பயணி ஒருவர் கடலாமையின் முதுகோட்டை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு படத்துக்கு நின்றார். அதைத் தடுத்திருக்க வேண்டிய வழிகாட்டிதான் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆமை முன்துடுப்புகளை அடித்து அடித்து மேலே போக முயன்றது. அதற்கு இருப்பது செவுள் அல்ல, நுரையீரல். ஓய்ந்து கிடக்கையில் மணிக்கணக்கில் மூழ்கியிருக்க வல்ல அதே உயிர், அஞ்சிப் போராடும்போது தன்னிடம் உள்ள ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடும். மூச்செடுக்க மேலே வர முடியாவிட்டால் மூழ்கியே சாகும். பிடித்த கைக்குச் சில நொடி விளையாட்டு; பிடிபட்ட ஆமைக்கு அது உயிர்ப் போராட்டம்.

கை விட்டதும் அந்தப் பயணி நிலைகொள்ளாமல் கீழே இறங்கினார். நீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகள் தேவைக்கு மேல் இருந்தன; கால்கள் தொங்கியபடி உதைத்ததில் கிளைப் பவளம் ஒன்று முறிந்தது, கிளம்பிய மணல் பக்கத்துப் பவளங்களின் மேல் படிந்தது. திண்டுபோல் வளரும் பவளங்கள் பல, ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. கிளைப் பவளம் அதைவிட விரைவாக வளரும் என்றாலும், ஓர் உதையில் போனது திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மிதப்பைச் சமன்செய்து, அமிழாமலும் மேலெழாமலும் நீரில் நிலைத்து நிற்கத் தெரியாதவரைப் பவளப்பாறையின் மேல் கொண்டுபோய் விட்டவர்கள் நீங்கள்.

எனவே என் கோரிக்கை இதுதான்: எவராயினும் வெறும் மணற்பரப்பின் மேல் மிதப்பைச் சமன்செய்து காட்டிய பிறகே பவளப்பாறைக்கு அழைத்துச் செல்லுங்கள். டைவிங் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ் அட்டையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பல ஆண்டுகள் நீரில் இறங்காதவரிடமும் அந்த அட்டை இருக்கும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிடாதீர்கள். கரீபியக் கடலில் உள்ள பொனேர் தீவில், 1979இல் தொடங்கப்பட்ட கடற்பூங்காவில், விதிகளைக் கேட்டறிந்து ஒரு சோதனை டைவை முடித்த பிறகே மற்ற இடங்களில் டைவ் செய்ய விடுகிறார்கள். அங்கே கையுறைக்கும் தடை உண்டு, ஏனெனில் கையுறை இருந்தால் பாறையைப் பற்றிக்கொள்ளும் துணிச்சல் வந்துவிடுகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் ரீஃப்-வேர்ல்டு அறக்கட்டளையும் 2004இல் தொடங்கிய ‘கிரீன் ஃபின்ஸ்’ நடத்தை விதிகளும் உங்களைப் போன்ற நிறுவனங்களுக்காகவே வகுக்கப்பட்டவை. வழி தெரியாமல் எவரும் தவிக்கவில்லை. வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரோ என்ற அச்சம்தான் தடுக்கிறது. அந்த அச்சத்தில்தான் மீனுக்கு இரை போடுகிறீர்கள், பேத்தை மீனைச் சீண்டி ஊதவைத்துக் காட்டுகிறீர்கள், ஆமையோடு எடுத்த படத்தையே அடுத்த விளம்பரமாக்குகிறீர்கள். மாதச் சம்பளத்தைவிடப் பயணி தரும் அன்பளிப்பை நம்பிப் பிழைக்கும் வழிகாட்டி அவரை எப்படிக் கண்டிப்பார்?

கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள்க. விதி மீறுபவரின் டைவை அங்கேயே முடித்து மேலே அழைத்து வரும் அதிகாரத்தை வழிகாட்டிக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்காக அவர் வருமானம் குறையாது என்ற உறுதியையும் கொடுங்கள். மணற்பரப்புச் சோதனை இல்லாமல் எவரையும் பவளப்பாறைக்கு அழைத்துச் செல்வதில்லை என்ற விதி உங்கள் படகுகளில் எந்த நாள் முதல் நடைமுறைக்கு வரும் என்பதை வெளிப்படையாக அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படகில் பயணித்த டைவர் ஒருவர்