மூளைக்கட்டி நோயாளிகளுக்கு ஏற்ற பெட் ஸ்கேன் மருந்து: சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூளைக்கட்டிக்கு அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடித்துத் தொடர் பரிசோதனைக்கு வரும் சேலம் வட்டார நோயாளிகளுக்கு, அவர்களுக்கு ஏற்ற கதிரியக்க மருந்தோடு கூடிய பெட் ஸ்கேன் (செலுத்திய மருந்து உடலில் எங்கே சேர்கிறது என்பதைப் படமாகக் காட்டும் பரிசோதனை) கிடைக்க வழி செய்யுமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். இதில் கருவியைவிட மருந்தையே முதன்மையாகக் கேட்கிறேன்.

பெட் ஸ்கேனில் பரவலாகப் பயன்படும் எஃப்.டி.ஜி. என்பது குளுக்கோஸைப் போன்ற மருந்து. மற்ற உறுப்புகளில் உள்ள பல வகைப் புற்றுநோய்களை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஆனால் மூளை இயல்பாகவே குளுக்கோஸை ஏராளமாக எடுத்துக்கொள்வதால், படம் முழுவதும் பிரகாசமாகத் தெரிய, மெதுவாக வளரும் கட்டிகள் அந்த ஒளியிலேயே மறைந்துபோகின்றன. எஃப்.இ.டி., மெத்தியோனின் போன்ற அமினோ அமில மருந்துகளைக் கட்டியின் செல்கள் மிகுதியாக உறிஞ்சுகின்றன. இயல்பான மூளைத் திசு குறைவாகவே எடுக்கிறது. அதனால் கட்டி தனித்துத் தெரிகிறது.

எங்கள் குடும்பத்தில் ஒருவர், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர், கதிர்வீச்சு முடிந்த சில மாதங்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் செலுத்தும் மருந்து) ஏறிய பகுதி பெரிதாகியிருப்பதாகவும், அது கட்டியின் மறுவளர்ச்சியா கதிர்வீச்சால் வந்த திசுச் சிதைவா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை என்றும் கடைசி வரிகளில் இருந்தது. இது அறிக்கை எழுதியவரின் குறையன்று. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே கான்ட்ராஸ்ட் கசியும். கட்டி உடைத்தாலும் கதிர்வீச்சு உடைத்தாலும் படம் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும். இரண்டாவது என்றால் தேவையற்ற அறுவைச் சிகிச்சையைத் தவிர்க்கலாம். அமினோ அமில பெட் இவ்விடத்தில்தான் பெரிதும் கைகொடுக்கிறது. கிளியோமா என்னும் மூளைக்கட்டி வகை உள்ள நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்தும் முறை குறித்துப் பன்னாட்டு வல்லுநர் குழு 2016ஆம் ஆண்டிலேயே பரிந்துரைகளை வெளியிட்டிருக்கிறது. அழற்சி உள்ள இடத்திலும் இம்மருந்து ஓரளவு சேரக்கூடும் என்பதால் திசுப் பரிசோதனைக்கு இது மாற்றாகாது என்பதையும் அறிந்தே கேட்கிறேன்.

எந்த மருந்து என்பதைத் தீர்மானிப்பதில் தொலைவுக்கும் பங்குண்டு. மெத்தியோனினில் உள்ள கார்பன்-11இன் அரைவாழ்வு, அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 20 நிமிடம். இத்தகைய கதிரியக்கப் பொருளை உருவாக்கும் சைக்ளோட்ரான் கருவி உள்ள பெங்களூருவில் தயாரித்து நான்கு மணி நேரச் சாலைப் பயணத்தில் கொண்டுவந்தால், மூவாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. எஃப்.இ.டி.யில் உள்ள ஃபுளோரின்-18இன் அரைவாழ்வோ சுமார் 110 நிமிடம். அதே பயணத்துக்குப் பின்னும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருக்கும். புறப்படும்போதே அளவைக் கூட்டி அனுப்பி, வாரத்தில் ஒரு நாளைக் குறித்து மூளைக்கட்டி நோயாளிகளை அன்று சேர்த்து வரவழைத்தால், ஒரே குப்பியில் பலருக்கு ஸ்கேன் எடுக்க முடியும். ஆகவே சேலத்திலேயே சைக்ளோட்ரான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மூளைக்கட்டியால் வலிப்பு வந்து அதற்கு மாத்திரை சாப்பிடும் ஒருவரை, இரவு பேருந்தில் தூக்கம் கெட்டு ஸ்கேனுக்காக வெளியூருக்கு அழைத்துச் செல்வது வலிப்பையே வரவழைக்கக்கூடும். ஏற்காடு மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருபவருக்குச் சேலமே போதுமான தூரம்.

எனவே, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கான பெட் ஸ்கேன் திட்டமிடலில் எஃப்.இ.டி. கொள்முதலையும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிகளையும், அணு மருத்துவர் பணியிடத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். அதுவரை, மருத்துவர் எழுதித்தரும் அமினோ அமில பெட் ஸ்கேனுக்கான செலவையும் துணைக்கு வருபவரின் பயணச் செலவையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏற்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்,
சேலம்.