மகளுக்கு, கித்துல்கல ஆற்றைப் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்புள்ள மகளுக்கு,

உன் கந்தோர்க் குழுவை எஸ்கேப் ரூம் விளையாட்டுக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாய். 60 நிமிடத்துக்குள் புதிர்களை அவிழ்த்து, பூட்டிய அறையை விட்டு வெளியே வரவேண்டுமாம். நல்ல விஷயம், செய். அன்று தொலைபேசியில் சொல்ல விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன்.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் கந்தோரில் எல்லாரையும் கித்துல்கலவுக்கு ரப்பர் படகு விடக் கூட்டிப்போனார்கள். நம்முடைய களனி கங்கைதான். இங்கே மட்டக்குளிப் பக்கம் ஆறுதலாகக் கடலில் சேரும் ஆறு, அங்கே பாறைக்குப் பாறை மோதி நுரைத்துக்கொண்டு வரும். எனக்கு நீந்தத் தெரியாது. கணக்குப் பகுதித் தலைவர் என்ற மரியாதைக்காக என்னை முன்னால் இருத்திவிட்டார்கள். முன்னால் இருக்கும் இருவரைப் பார்த்துத்தான் பின்னால் இருப்பவர்கள் துடுப்புப் போடவேண்டும். நான் பயத்தில் தாறுமாறாகப் போட, படகு பாறையில் ஏறி நின்றது. வருடக்கணக்கில் "சரி ஐயா" என்பதற்கு மேல் என்னோடு கதைக்காத களஞ்சியப் பொறுப்பாளர், "ஐயா, பின்னுக்கு வாங்கோ, நான் முன்னுக்கு இருக்கிறன்" என்று கத்தினார். "எனக்குப் பயமாயிருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு இடம் மாறினேன்.

அடுத்த கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். சரக்கிருப்புக் கணக்கில் இரண்டு மாதமாக ஒரு பிழை, சொல்லப் பயந்து வைத்திருந்தாராம். இருவரும் இருந்து ஒரு பின்னேரத்தில் திருத்தினோம்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தனவாம். அங்கே மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட காரணம். அதை வாசித்தபோது அந்தப் பின்னேரம்தான் நினைவுக்கு வந்தது.

இன்னொரு முறை, எங்கள் கந்தோரில் வேலை செய்த, உயரத்துக்குப் பயந்த ஒரு பிள்ளையைக் கயிற்றில் ஏறச் சொல்லி எல்லாரும் வற்புறுத்தினோம். அழுதுவிட்டா. பிறகு எங்களோடு இருந்து சாப்பிடவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. பூட்டிய அறைக்குப் பயந்தவர்கள் உன் குழுவிலும் இருக்கலாம். தனியாகக் கேள், வரமாட்டேன் என்றால் விட்டுவிடு.

அறைக்குள் நீ தலைமை தாங்காதே. சாவி எங்கே என்று யாரோ ஒருவர் மெதுவாகச் சொல்லியிருப்பார், சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. முடிந்ததும் உடனே கலையாமல் ஒரு தேத்தண்ணி குடித்து அதைக் கதையுங்கள்.

அம்மா பருத்தித்துறை வடை சுட்டு வைத்திருக்கிறா. ரொறொன்ரோவுக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறோம். அன்றைக்கு உன் குழுவினருக்கும் கொண்டுபோய்க் கொடு.

அன்புடன்,
அப்பா