கெம்பு நகைய வெந்நீர்ல போடச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பெண்கள் பக்கத்துல வீட்டுலயே நகைய பளபளன்னு ஆக்குறதுக்கு டிப்ஸ் போட்டிருந்தீங்க. வெந்நீர்ல சோப்பு கலந்து ஊற வைங்க, டூத்பேஸ்ட் வச்சு பிரஷ்ல தேய்ங்க, கருத்த வெள்ளிய அலுமினிய ஃபாயில், பேக்கிங் சோடாவோட போடுங்கன்னு. கல்லு வைக்காத தங்கச் செயினுக்கு வெதுவெதுன்னு தண்ணியும் பூந்திக்கொட்டையும் போதும், அதுல தப்பே இல்ல. ஆனா கூடவே போட்ட படம் என்னன்னு பாத்தா கெம்புக்கல், அதாவது செவப்புக் கல்லு வச்ச நெத்திச்சுட்டி! அதப் பாத்து யாராவது அப்படியே செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே பக்குனு இருக்கு.

நான் இங்க நாகர்கோவில்ல டான்ஸ் சொல்லிக்குடுக்குறேன். இங்க வடசேரி பட்டறையில இந்த மாதிரி கெம்புக்கல் வச்சு கையால செய்யிற, டான்ஸுக்குப் போடுற கோயில் நகைக்கு புவிசார் குறியீடே இருக்கு, ஆனா அது எப்படி செஞ்சதுன்னு வாங்குறவங்க பாதிப் பேருக்குத் தெரியாது. அடியில வெள்ளி, உள்ள அரக்கு, அந்த அரக்குல உக்காந்துதான் கல்லு நிக்குது, சுத்தி தங்க ரேக், அதாவது தாள் மாதிரி மெல்லிசான தங்கம் வச்சு அமுக்கியிருப்பாங்க. வெந்நீர் பட்டா அரக்கு இளகும், கல்லு ஆட ஆரம்பிக்கும், அந்த இடுக்கு வழியா தண்ணி உள்ள போச்சுன்னா கல்லுக்குக் கீழ பளபளப்புக்கு வச்ச தகடு கருத்துடும், அப்புறம் மேல எவ்ளோ தொடச்சாலும் செவப்பு திரும்ப வராது. ஒரு பொண்ணோட அம்மா ஒட்டியாணத்த ராத்திரி பூரா ஊறப் போட்டு காலையில பாத்திரத்துக்கு அடியில கல்லு பொறுக்குனாங்க, பாவம்.

டூத்பேஸ்ட்டும் வேண்டாம். பல்லுல இருக்குற கறைய எடுக்குறதுக்குன்னே அதுல நைசா தேய்க்கிற பொடி இருக்கு, அது தங்க ரேக்கையும் சேத்துத் தேய்ச்சி எடுத்துடும். எலுமிச்சம்பழம், வினிகர் இன்னும் மோசம், ஓரத்துல நெஜ முத்து கோத்திருந்தா முத்தோட மினுக்கே போயிடும். ஃபாயில் வித்தை வெறும் வெள்ளிக் கொலுசுக்கு நல்லாவே வேல செய்யும், கல்லு வச்சதுக்கு கூடாது, அவ்ளோதான்.

பின்ன என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. ஆடி முடிச்சதும் கழட்டி அப்படியே டப்பாவுல அடைக்காம, பழைய காட்டன் வேட்டித் துணியால வேர்வைய ஒத்தி எடுத்து கொஞ்ச நேரம் ஃபேன் காத்துல பரத்தி வைங்க. வெயில்ல காய வைக்காதீங்க, பூட்டுன கார்லயும் விட்டுட்டுப் போகாதீங்க, ரெண்டுமே அரக்குக்கு ஆகாது. இடுக்குல பவுடர், குங்குமம் அடைஞ்சிருந்தா காய்ஞ்ச பெயின்ட் பிரஷ் போதும், தண்ணியே வேண்டாம். சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் அடிச்சு காய்ஞ்சதுக்கு அப்புறம்தான் ராக்கொடியும் ஜிமிக்கியும் ஏறணும், கழட்டும்போது மொதல்ல எறங்கணும். ஒண்ணோட ஒண்ணு உரசாம தனித்தனியா துணியில சுத்தி வைங்க, ரப்பர் பேண்ட் போடாதீங்க, அதுல இருக்குற கந்தகம் வெள்ளிய கருக்க வச்சிடும். கோவிச்சுக்காதீங்க சார், நியூஸ் பேப்பர்ல மடிச்சு வைக்கிறதும் வெள்ளிக்கு நல்லது இல்ல.

கல்லு விழுந்துட்டா கடையில விக்கிற உடனே ஒட்டுற பசைய ஊத்தாதீங்க, அது கல்லுக்கு அடியில வெள்ளையா படிஞ்சிடும், அப்புறம் ஆசாரி அதச் சுரண்டி எடுக்குறதுக்குள்ள அவருக்கு வெறுத்தே போயிடும். விழுந்த கல்ல ஒரு சின்ன கவர்ல போட்டு நகையோடவே பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க, ரேக் தேஞ்சிருந்தா அதையும் அங்கயே திரும்ப வச்சுக் குடுப்பாங்க.

இப்ப நெறைய கடையில செம்புல தங்க பாலிஷ் போட்டதையும் கோயில் நகைன்னுதான் விக்கிறாங்க, பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். அதுக்கும் தண்ணியும் பேஸ்ட்டும் ஆகாது, அதனால எதுல செஞ்சதுன்னு தெரியலன்னா காய்ஞ்ச துணியோட நிறுத்திக்கிறதுதான் நல்லது.

இனிமே கெம்பு நகை படம் போடுறதுக்கு முன்னாடி வடசேரியில ஒரு ஆசாரிகிட்ட கேட்டுட்டுப் போடுங்க. மார்கழி வரப்போகுது, எல்லா வீட்லயும் டான்ஸ் நகை செட்ட வெளிய எடுப்பாங்க, அதுக்குள்ள சின்னதா ஒரு திருத்தம் அதே பக்கத்துல வந்தா உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பரதநாட்டிய டீச்சர்,
நாகர்கோவில்