கல்வெட்டில் பேர் இல்லாதவர்களுக்கு ஒரு நன்றி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

கடலூர் முதுநகரில் எங்கள் புதுப் பள்ளிவாசலைத் திறந்தாச்சு, அல்ஹம்துலில்லாஹ். பணம் கொடுத்தவர்கள் பேரெல்லாம் வாசல் கல்வெட்டில் இருக்கிறது, மேடையில் சால்வையும் போட்டுவிட்டோம், அதனால் இந்த மடல் அவர்களுக்கு இல்லை, கோவித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் இயற்பியல் வாத்தியார். ஓய்வு பெற்றவர், எங்கள் ஜமாஅத்காரரும் இல்லை. மனை தெருவை ஒட்டி நேர் மேற்காகக் கிடக்கிறது. தொழும்போது முகம் திருப்பும் மக்கா கஅபாவின் திசையான கிப்லாவோ நம்ம ஊருக்கு நேர் மேற்கு இல்லை, வடக்கே கிட்டத்தட்ட 20 டிகிரி தள்ளி வரும். செல்போன் திசைகாட்டியில் பார்த்தால், பக்கத்தில் குவித்திருந்த கம்பி இழுத்து ஆளாளுக்கு ஒரு திசை காட்டுகிறது, அதில் ஒரு சண்டை வேறு. சார்தான் சொன்னார்: மே 28 பிற்பகல் 2.48க்கு சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும், அப்போது ஒரு கழியை நட்டு நிழலின் நுனியிலிருந்து கழியைப் பார்த்தால் அதுதான் கிப்லா, சந்தேகம் இருந்தால் ஜூலை 16 அன்று 2.57க்கு இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த வெயிலில் அவரே நின்று சுண்ணாம்புக் கோடு போட்டார். இன்று மிஹ்ராபும் (இமாம் நிற்கும் மாடம்) கம்பளத்து ஸஃப் (தொழுகை வரிசை) கோடுகளும் அதைப் பிடித்துத்தான் இருக்கின்றன. அதற்காகத் தூண்களையெல்லாம் இடம் மாற்றித் திரும்ப வரைந்த என்ஜினியர் தம்பி கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள். கடலோர மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணி, அதில் கார்த்திகை மழையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? ராத்திரி தண்ணி இறைக்கும் மோட்டாரை நிறுத்தினால் காலையில் அஸ்திவாரக் குழி குளமாகிவிடும். பிள்ளைக்கு அரையாண்டுப் பரீட்சை, சத்தம் தாங்கவில்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் பிள்ளையை ஆயா வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அந்த அம்மா. நானாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன்.

கம்பி கட்டியவர்கள், சென்ட்ரிங் அடித்தவர்கள், தளம் போட்ட அன்று டீ வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிய பசங்க, எல்லோருக்கும் துஆ. பெண்களுக்குத் தனிப் படியும், ஒளுச் செய்ய (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவ) தனி இடமும் வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கிய சகோதரிகளுக்கு ஸ்பெஷல் நன்றி, முதல் வரைபடத்தில் மாடியில் ஒரு மூலையைத்தான் காட்டியிருந்தார்கள்.

திறப்பு விழாவுக்குத் தெருவில் இரவல் வாங்கிய தேக்சாக்கள் கழுவி வைத்திருக்கிறோம். சிலதுக்கு மூடி மாறியிருக்கிறது. அஸர் (பிற்பகல் தொழுகை) முடிந்த பிறகு வந்து, பாங்கு சொல்லும் மோதினாரிடம் அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.